கொம்பனிச் சேர்விஸுக்குப் பிறகு எஞ்சின் பழுதானால்: வன்னியில் கார் வைத்திருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

முகவர் நிறுவனத்தின் சேவை நிலையத்தில் சேர்விஸ் செய்து எடுத்த கார், அன்றைக்கோ அடுத்த சில நாட்களிலோ எஞ்சின் கோளாறு காட்டினால் என்ன செய்ய வேண்டும், எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தும், இரண்டாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்ட ஒரே காரணத்தால் நட்டஈட்டை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் முதலாமவன் நானே.

ஓமந்தை தாண்டி ஏ9 வீதியில் கிளிநொச்சி நோக்கி வரும்போது, குறுக்கே வந்த மாட்டுக்காகப் பிரேக் பிடித்தேன். அந்தக் கணத்தில் சிவப்பு ஒயில் விளக்கு எரிந்து, கார் மறுபடி வேகமெடுத்ததும் அணைந்தது. அன்று காலைதான் சேர்விஸ் முடிந்திருந்தது. புளியங்குளத்தில் ஒரு லீற்றர் ஒயில் வாங்கி ஊற்றினேன். "இனி ஓடுங்கோ அண்ணை, ஒண்டும் நடக்காது" என்றார் கடைக்காரர். ஓடினேன். இரண்டாம் நாள் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் எழுந்தது. சேவை நிலையத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: நீங்கள் ஒயில் விடும் முன் எஞ்சினில் எவ்வளவு ஒயில் இருந்தது? ஒயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துக்கூடப் பார்க்காமல் ஊற்றியவனிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

1. சேர்விஸுக்குக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

கார் நல்ல நிலையில் இருக்கும்போதே சான்றைத் தொடங்க வேண்டும். சேர்விஸுக்கு விடும் நாள் காலையில், எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எஞ்சினின் சத்தமும், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாத மீற்றர் பலகையும், ஓடிய கிலோமீற்றர் அளவும் தெரிய வேண்டும். "இந்தச் சத்தம் முன்பே இருந்தது" என்ற வாதத்துக்கு இதைவிடச் சிறந்த பதில் கிடையாது.

காரின் கையேட்டில் எந்தத் தர ஒயில், எத்தனை லீற்றர் என்று எழுதப்பட்டுள்ள பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். அண்மைக்கால யப்பானியச் சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 போன்ற மிக மெல்லிய ஒயிலே குறிக்கப்பட்டிருக்கும். 660 சிசி எஞ்சின்களுக்கு மொத்தமே ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று லீற்றர்தான் பிடிக்கும். ஆகவே பற்றுச்சீட்டில் நான்கு லீற்றர் என்று இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். யப்பானில் இருந்து பாவித்த நிலையில் வந்த கார்களுக்கு யப்பானிய மொழிக் கையேடே இருக்கும். அதிலும் ஒயில் தரத்தைக் குறிக்கும் எண்கள் எல்லாருக்கும் விளங்கும் வடிவில்தான் அச்சிடப்பட்டிருக்கும்.

ஒரு சிறிய உத்தியையும் சொல்லிவைக்கிறேன். வீட்டில் இருக்கும் நகப்பூச்சில் ஒரு துளியை ஒயில் பில்டரின் பக்கத்தில் வைத்துவிடுங்கள். சேர்விஸுக்குப் பிறகும் அந்தப் புள்ளி அங்கேயே இருந்தால் பில்டர் மாற்றப்படவில்லை. எஞ்சினுக்குக் கீழே ஒயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில், ஒயிலை வடிப்பதற்காக உள்ள சம்ப் நட்டிலும் அதன் அருகிலும் சேர்த்து ஒரு கோடாகப் பூசினால், நட் கழற்றப்பட்டதா, கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும் தெரியும்.

காருக்குள் நிரந்தரமாக இருக்க வேண்டியவை: ஒரு ரோச், வெள்ளைத் துணி இரண்டு, மூடியுள்ள சுத்தமான சிறிய போத்தல் இரண்டு, பெரிய பொலித்தீன் பை, எழுதக்கூடிய ஸ்டிக்கர், முக்கோண எச்சரிக்கைப் பலகை, கைத்தொலைபேசிக்கு சார்ஜர். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்து உள்வீதிகளில் இருட்டிய பிறகு கார் நின்றுவிட்டால், கடை தேடிப் போய் இவற்றை வாங்க வழியிருக்காது.

2. காரைத் திரும்ப எடுக்கும்போது, வளவை விட்டு வெளியேறும் முன்

இந்தப் பத்து நிமிடத்தைப் பெரும்பாலானோர் தவற விடுகிறார்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்குச் சேவை நிலையத்துக்குத் திரும்பிப் போவது அரை மணித்தியால வேலை. வன்னியில் இருப்பவருக்கு அது ஒரு நாள் சம்பளமும், காரை ஏற்றிச் செல்லும் கரியர் லொறிக் கூலியும். ஆகவே அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

பொனற்றைத் திறக்கச் சொல்லுங்கள். ஒயில் மூடி இறுக்கப்பட்டிருக்கிறதா, டிப்ஸ்டிக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா, ஏயார் பில்டர் பெட்டியின் கிளிப்புகள் எல்லாம் மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். எஞ்சினை ஓட விட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஒயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படமெடுங்கள். படத்தில் சேவை நிலையத்தின் வளவும் சற்றுத் தெரிந்தால் நல்லது. பிறகு காரை ஒரு கார் நீளத்துக்கு முன்னே நகர்த்தி, அது நின்ற இடத்தில் புதிய துளிகள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். செய்த வேலைகளைக் குறிக்கும் அட்டையான ஜொப் காட்டின் பிரதியையும், ஒயிலின் தரமும் அளவும் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டையும் வாங்காமல் வெளியேற வேண்டாம். "கொம்பியூட்டரில் இருக்கு" என்ற பதில் உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு ஈடாகாது. ஜொப் காட்டில் தொழில்நுட்பவியலாளரின் கையொப்பமும், செய்த வேலைகளுக்கு எதிரே இட்ட அடையாளங்களும் இருக்கும். எதற்கு எதிரே அடையாளம் இல்லை என்பது பின்னர் உங்களுக்கு உதவக்கூடும்.

3. விளக்கு எரிந்தால்: முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்

சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால், ஒயில் குறைந்துவிட்டது என்று மட்டும் விளங்கிக்கொள்வது தவறு. ஒயிலின் அழுத்தம் மிகக் கீழே போய்விட்டது என்பதே அதன் பொருள். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கும் அதைத் தாங்கும் பெயரிங்குகளும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது, இடையே அழுத்தத்துடன் ஓடும் ஒயில் படலத்தால்தான். அந்தப் படலம் போனால் உலோகம் உலோகத்தில் உரசும். சேதத்துக்கு நிமிடங்களே போதும், வேகமாக ஓடினால் அதைவிடவும் குறைவு. பிரேக் பிடிக்கும்போதோ வளைவிலோ மட்டும் விளக்கு ஒருமுறை எரிந்து அணைவது ஆரம்ப எச்சரிக்கை. சம்ப்பில் குறைவாக இருக்கும் ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்க, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கிறது. என் கார் எனக்குச் சொல்ல முயன்றது இதைத்தான்.

சிக்னல் போட்டு வீதியோரம் ஒதுக்கி, கார் நின்ற பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை முழுதாகத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். எஞ்சின் நின்றதும் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹைபிரிட் காராக இருந்தால் எஞ்சின் ஓடாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும். ஆகவே பவர் பட்டனை அழுத்தி முழுதாக அணைத்துவிட வேண்டும். அத்தகைய கார்களில் செம்மஞ்சள் நிற வயர்களை எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம்.

வெப்பநிலை விளக்கும் இதே வகைதான். வகன் ஆர் போன்ற சிறிய யப்பானியக் கார்கள் பலவற்றில் வெப்பநிலை காட்டும் முள் கிடையாது. குளிராக இருக்கும்போது நீல விளக்கு எரியும், கொதிக்கும்போது சிவப்பு எரியும், இடையில் எதுவும் காட்டாது. எனவே சிவப்பு தெரிந்த பிறகு "அடுத்த சந்தி வரை" என்ற கணக்கு செல்லாது.

மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு அப்படியே எரிந்து, கார் இயல்பாக ஓடினால், மெதுவாக அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரை போகலாம். அது விட்டுவிட்டு மின்னினால் நிறுத்த வேண்டும். ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் வெளியேறி, சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சுட்டெரிக்கிறது என்பது அதன் பொருள்.

காட்டு வீதியிலோ யானை நடமாட்டமுள்ள பகுதியிலோ இரவில் நின்றுவிட்டால், காரைவிட உங்கள் உயிர் பெரிது. முதலில் ஆட்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றதை விடிந்த பிறகு பார்க்கலாம்.

4. தொடாமல் பார்ப்பது: எந்த அறிகுறி எந்தத் தவறைக் காட்டும்

இந்தக் கட்டத்தில் எதையும் இறுக்கவோ ஊற்றவோ கழற்றவோ வேண்டாம். பார்க்க மட்டும் செய்யுங்கள். காரணத்தை நீங்கள் ஊகித்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தப் பகுதியைப் படமெடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான்.

முதலில் காரின் அடியில் பாருங்கள். சம்ப் நட்டைச் சுற்றி ஈரமும், அதிலிருந்து பின்னோக்கிக் காற்றில் சிதறிய ஒயில் பூச்சும் இருந்தால், நட் போதிய அளவு இறுக்கப்படவில்லை, அல்லது அதன் வொஷர் மாற்றப்படவில்லை, அல்லது முன்பு அளவுக்கு மீறி இறுக்கியதால் அலுமினியச் சம்ப்பின் மரை வழுகிவிட்டது. ஒயில் பில்டரைச் சுற்றி ஈரமாக இருந்தால், பழைய பில்டரின் இறப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய பில்டரைப் பூட்டியிருக்கக்கூடும். இந்தத் தவறு மெதுவாக ஓடும்போது காட்டிக்கொடுக்காது. ஏ9 வீதியில் வேகமெடுத்து ஒயில் அழுத்தம் ஏறியதும் ஒரேயடியாகப் பீறிடும். வளவில் ஒரு துளியும் இல்லாத கார் மாங்குளம் வருவதற்குள் காய்ந்துபோவது இப்படித்தான்.

அடுத்து டிப்ஸ்டிக். சமதரையில் நின்று, எஞ்சின் நிறுத்திப் பத்து நிமிடம் ஆன பிறகு பாருங்கள். ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் காரணம் கசிவோ குறைவாக ஊற்றியதோ. மேல்கோட்டுக்கு மிக மேலே இருந்தால் நிலைமை வேறு. கிராங்க் அந்த ஒயிலை அடித்து நுரையாக்கும், நுரையால் அழுத்தம் குறையும், சைலன்சரில் நீலப் புகை வரும்.

ஒயில் மிகையாக இருக்கிறது, அதோடு கியர் வழுக்குவதுபோலவோ கீச்சிடுவதுபோலவோ இருக்கிறது என்றால், மிகவும் கவனிக்க வேண்டிய ஒரு தவறு நடந்திருக்கலாம். சில கார்களில் எஞ்சின் ஒயிலை வெளியேற்றும் நட்டும் கியர் ஒயிலை வெளியேற்றும் நட்டும் அருகருகே இருக்கும். அனுபவமில்லாத ஒருவர் கியர் ஒயிலை வடித்துவிட்டு, ஏற்கனவே நிறைந்திருந்த எஞ்சினுக்குள் புதிய ஒயிலை ஊற்றிவிடுவார். படிப்படியான கியர்கள் இல்லாத ஓட்டோ வகையான சிவிரி (CVT) கியர் பெட்டி உள்ள காரில் இப்படி நடந்தால் எஞ்சினைவிட முதலில் கெட்டுப்போவது கியர் பெட்டியே. இந்தச் சந்தேகம் எழுந்தால் காரை ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம்.

மூன்றாவது, ஏயார் பில்டர் பெட்டி. வன்னிக்காரர் இதைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு கிளிப் மாட்டப்படாமல் விடப்பட்டால் நகரத்தில் ஓடும் காருக்கு மாதக்கணக்கில் பெரிய பாதிப்புத் தெரியாமல் போகலாம். கிரவல் வீதியில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடும் காருக்குள் அந்த இடைவெளியால் செம்மண் புழுதி நேரே சிலிண்டருக்குப் போகும். புழுதி மணல்தாள்போலச் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்க்கும், பிறகு கார் ஒயில் குடிக்கத் தொடங்கும். பெட்டியின் வெளிப்புறத்தில், மூடி சேரும் விளிம்பில், ஒரு இடத்தில் மட்டும் புழுதி கோடாக உள்நோக்கி இழுபட்டிருந்தால் அதுவே அடையாளம். அந்தக் கோட்டைத் துடைத்துவிடாதீர்கள், உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

ஏயார் பில்டருக்குப் பின்னாலுள்ள குழாயின் கிளிப் தளர்ந்திருந்தாலும், காற்றளக்கும் சென்சரின் வயர் கழன்றிருந்தாலும், எஞ்சின் நின்ற இடத்தில் நடுங்கும், மஞ்சள் விளக்கு எரியும். பிளக் மாற்றிய பிறகு நடுக்கம் வந்தால், பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில்களின் வயர் முனைகளில் ஒன்று சரியாகச் செருகப்படவில்லையா என்று கண்ணால் பாருங்கள்.

கூலன்ட் மாற்றிய பிறகு சூடேறினால், உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம், அல்லது ரேடியேற்றர் விசிறியின் வயர் மறுபடி மாட்டப்படாமல் இருக்கலாம். சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 பாகையைத் தாண்டிய வெப்பத்தில் முகத்தில் பாயும். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் அளவைப் பார்த்தாலே போதும்.

5. படமும் மாதிரியும்

இப்போது படமெடுங்கள். முதலில் தூரத்திலிருந்து, வாகன இலக்கத் தகடும் வீதியும் தெரிய. பிறகு மீற்றர் பலகை. இதற்குச் சாவியை எஞ்சின் ஓடாத நிலை வரை மட்டும் திருப்பினால் கிலோமீற்றர் தெரியும். பிறகு டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் வைத்து, இரண்டு கோடுகளும் ஒயிலின் விளிம்பும் தெளிவாகத் தெரிய. அதன் பின்னரே அடிப்பகுதி, பில்டர், ஏயார் பில்டர் பெட்டி. ஒவ்வொன்றையும் தொலைவிலும் அருகிலும் இரண்டிரண்டாக எடுத்தால்தான், அருகில் எடுத்த படம் எந்தக் காரின் எந்தப் பகுதி என்று நிறுவ முடியும். வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தின் தரம் குறைவதோடு எடுத்த நேர விபரமும் நீங்கிவிடும் என்பதால், மூலப் படங்களைக் கைத்தொலைபேசியில் இருந்து அழிக்காதீர்கள்.

வீதியில் சிந்திய ஒயில் இருந்தால் அதையும் எடுங்கள். உங்களுடன் இருப்பவரோ உதவிக்கு வந்தவரோ பார்த்ததை, திகதியும் நேரமும் இட்டு நான்கு வரியில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். நம் பக்கத்தில் கார் நின்றால் ஐந்து நிமிடத்தில் ஐந்து பேர் கூடிவிடுவார்கள். அவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், ஆனால் கையொப்பம் இடுபவர் ஒருவர் கிடைத்தாலே பெரிய காரியம்.

பற்றறியின் முனையைக் கழற்ற வேண்டாம். காரின் கணினியில் பதிந்துள்ள பிழைக் குறியீடுகள் பல கார்களில் அப்போது அழிந்துபோகும். அதே காரணத்துக்காக, யாராவது ஸ்கேனர் கொண்டுவந்தால் குறியீடுகளை வாசித்துப் படமெடுக்க மட்டும் விடுங்கள், அழிக்க விடாதீர்கள். பி0301 என்றால் முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை, பி0171 என்றால் காற்று அதிகம், பெற்றோல் குறைவு. அந்தக் குறியீட்டோடு, பிழை ஏற்பட்ட கணத்தில் எஞ்சினின் வேகமும் வெப்பநிலையும் என்ன என்பதையும் கணினி பதிந்து வைத்திருக்கும்.

6. அறிவித்தல்: முதலில் எழுத்து, பிறகு பேச்சு

படங்கள் கையில் வந்த பிறகு சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசினால் என்ன பேசப்பட்டது என்பதற்குச் சான்று இருக்காது. ஆகவே முதலில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அதைப் பார்த்துவிட்டார்களா என்று கேட்பதற்காக அழையுங்கள். செய்தி இப்படி இருக்கலாம்:

"இன்று காலை உங்கள் நிலையத்தில் சேர்விஸ் செய்யப்பட்ட இந்த இலக்கக் கார், இத்தனை கிலோமீற்றர் ஓடிய நிலையில், இந்த இடத்தில், இந்த நேரத்தில் ஒயில் விளக்கு எரிந்ததால் நிறுத்தப்பட்டுள்ளது. அதன் பிறகு எஞ்சின் இயக்கப்படவில்லை, எதுவும் தொடப்படவில்லை. காரை எவ்வாறு எடுத்துச் செல்வது என்பதை எழுத்தில் அறிவிக்கவும்."

காரணம் இன்னது என்று இந்தச் செய்தியில் எழுத வேண்டாம். சம்ப் நட் என்று நீங்கள் எழுதி, பின்னர் அது பில்டர் என்று தெரியவந்தால், உங்கள் முழுக் கூற்றின் மீதும் சந்தேகம் விழும். கோபத்தில் முகநூலில் போடுவதையும் தள்ளிவையுங்கள். பெயர் குறிப்பிட்டு எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பேச்சைத் திசைதிருப்ப முடியும்.

"கொஞ்சம் ஒயில் விட்டுக் கொண்டுவாருங்கள்" என்று அவர்கள் சொன்னால், அதையே எழுத்தில் அனுப்பும்படி கேளுங்கள். பெரும்பாலும் அனுப்ப மாட்டார்கள். அனுப்பினாலும், விளக்கு எரிந்த காரை நான் ஓட்டமாட்டேன். ஓட்டினால் கூடும் சேதம் யாருடையது என்ற வாதம் உங்கள் பக்கம் திரும்பும்.

7. காரை ஏற்றிச் செல்லுதல்

கயிறு கட்டி உழவு இயந்திரத்தின் பின்னால் இழுத்துப் போவதை வன்னியில் எல்லாரும் செய்திருக்கிறோம். பழைய மனுவல் கியர் கார்களுக்கு நியூட்ரலில் விட்டு அப்படி இழுத்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஓட்டோ கியர், சிவிரி, ஹைபிரிட் கார்களை, எஞ்சினால் சுழற்றப்படும் சில்லுகள் தரையில் உருள இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர் பெட்டிக்குள் ஒயில் சுற்றாது, சில்லுகளோ உள்ளே பாகங்களைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஒயில் நட் தளர்ந்திருந்த ஒரு காரை ஒருவர் உள்வீதியில் இருந்து ஏ9 வரை இப்படி இழுத்து வந்தார். எஞ்சின் தப்பியது, கியர் பெட்டி போயிற்று, அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

நான்கு சில்லுகளும் தரையில் படாத கரியர் லொறியே சரியான வழி. கூலிப் பற்றுச்சீட்டில் ஏற்றிய இடம், இறக்கிய இடம், திகதி மூன்றும் இருக்க வேண்டும், நட்டஈட்டுக் கணக்கில் அதுவும் சேரும். ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் காரின் நான்கு பக்கமும் படமெடுங்கள். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் வீதி உதவிச் சேவை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் முழுக் காப்புறுதி என்றாலும் இயந்திரப் பழுது பெரும்பாலும் அதில் அடங்காது என்பதால், எஞ்சினுக்கான செலவை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

8. எஞ்சினைத் திறக்கும் முன்

இங்கே நம்மவர்கள் இரண்டு எதிரெதிரான தவறுகளைச் செய்கிறார்கள். ஒரு சாரார் தெரிந்த கராஜில் உடனே எஞ்சினைக் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு, பழுது கராஜில் நடந்தது என்று சேவை நிலையம் சொல்லிவிடும். மற்றச் சாரார் காரைச் சேவை நிலையத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டு நாளில் ஒயில் நிரப்பி, நட்டை இறுக்கி, "எங்கள் பக்கம் குறை எதுவும் இல்லை" என்ற அறிக்கை வரும்.

சரியான ஒழுங்கு இது: கார் சேவை நிலையத்தை அடையும்போது நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ உடனிருக்க வேண்டும். இரு தரப்பும் பார்க்க, ஒயில் அளவு ஜொப் காட்டில் எழுதப்பட வேண்டும். பிறகு ஒயிலை வடிக்கும்போது, ஓட்டத்தின் நடுவில் வரும் ஒயிலை இரண்டு போத்தல்களில் பிடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, இரு தரப்பும் கையொப்பமிட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பில்டரையும் வொஷரையும் பொலித்தீன் பையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்டரை வெட்டிப் பார்த்தால், மடிப்புகளுக்குள் மினுங்கும் உலோகத் துகள்கள் பெயரிங் தேய்ந்ததற்குச் சான்றாகும்.

கேட்க வேண்டிய பரிசோதனைகள் இரண்டு. மீற்றர் பூட்டி ஒயில் அழுத்தத்தை அளப்பது முதலாவது. சிலிண்டர்களின் கொம்பிரசனை, அதாவது உள்ளே காற்று அழுத்தப்படும் அளவை, அளந்து ஒப்பிடுவது இரண்டாவது, இது முக்கியமாகப் புழுதியும் சூடேறலும் பற்றியது. சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு அதிகமாக இருந்தால் உள்ளே தேய்மானம் உண்டு. ஆனால் பெயரிங் சேதத்தைக் கொம்பிரசன் காட்டாது. கொம்பிரசன் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தட்டும் சத்தத்தை மறைக்க முயன்றால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஒயில் மூடியின் உட்புறம் பால்தேநீர் நிறத்தில் நுரை இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். மழைக்காலத்தில் குறுந்தூரம் மட்டும் ஓடும் கார்களிலும் ஈரத்தால் சிறிதளவு அப்படி வரும், ஆகவே கூலன்ட் குறைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

9. கோரிக்கைக் கடிதம்

சேவை நிலைய முகாமையாளருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழில் எழுதி ஆங்கிலப் பிரதி ஒன்றை இணைப்பது நல்லது. சொல்லத் தெரிந்ததைத் தெரிந்த மொழியில் சொன்னால்தான் விடயம் பிசகாது, வாசிப்பவருக்கும் விளங்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நடந்தவற்றைத் திகதி, நேர ஒழுங்கில் எழுதி, படங்களுக்கு எண் இட்டு இணையுங்கள்.

கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். "நியாயம் கிடைக்க வேண்டும்" என்று முடித்தால் இலவசமாக ஒரு சேர்விஸ் தருவார்கள். எஞ்சினைத் தங்கள் செலவில் பழுதுபார்த்தல், அதற்கு எழுத்தில் உத்தரவாதம், கரியர் கூலி, கார் இல்லாத நாட்களின் வாடகை வாகனச் செலவு என்று தனித்தனியாகத் தொகையுடன் எழுதி, பதிலுக்கு 14 நாள் தவணை கொடுங்கள்.

பாவித்த வேறொரு எஞ்சினைப் பூட்டித் தருவதாக அவர்கள் சொல்லக்கூடும். உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருப்பது. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும். கார் லீசிங்கில் இருந்தால் அதன் முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம் என்பதால் அவர்களுடைய சம்மதமும் தேவை. அந்த வேலையையும் செலவையும் யார் ஏற்பது என்பதை உடன்பாட்டிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பதியாமல் விட்டால், காரை விற்கும் நாளில் அந்தத் தலையிடி உங்களுடையதாகும்.

10. மறுத்தால் அல்லது இழுத்தடித்தால்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, பணம் பெற்று வழங்கப்படும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்பட வேண்டும். முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்குச் சேவை பெற்ற நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்ற பேச்சிலேயே இந்த மூன்று மாதமும் கரைந்துபோவதைக் கண்டிருக்கிறேன், ஆகவே நாட்காட்டியில் அந்தத் திகதியை இன்றே வட்டமிடுங்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. அது அரச நிறுவனம் என்பதால் தமிழிலேயே முறைப்பாடு எழுதலாம். கடிதம், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, ஜொப் காட், படங்கள் எல்லாவற்றிலும் பிரதிகளை இணைத்து, மூலங்களை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியஸ்த சபையும் ஒரு வழி. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபையில் சட்டத்தரணி தேவையில்லை. குறித்த தொகைக்குக் குறைந்த பிணக்குகள் நீதிமன்றம் போகும் முன் இங்கே வர வேண்டும். எதிர்த்தரப்பு வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழைப் பெற்று, அதனுடன் சட்டத்தரணியிடம் போகலாம். எஞ்சின் முழுதாகப் போன நிலையில் தொகை பெரிதாக இருந்தால் சட்டத்தரணியை முன்பே பார்த்துவிடுவது நல்லது. வழக்குக்கும் காலவரையறை உண்டு.

11. பழுதுபார்த்த காரைத் திரும்ப எடுக்கும்போது

"எல்லாக் கோரிக்கைகளும் தீர்க்கப்பட்டன" என்ற தாளில் அன்றைக்கே கையொப்பமிடச் சொல்வார்கள். காரைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையொப்பமிட்டு, எஞ்சினின் நிலை ஓடிப் பார்த்த பின் உறுதிசெய்யப்படும் என்று உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதுங்கள். மாற்றிய பாகங்களின் பட்டியலும், எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீற்றர் உத்தரவாதம் என்பதும் எழுத்தில் வேண்டும்.

பிறகு இரண்டாம் பிரிவில் சொன்ன பத்து நிமிடப் பரிசோதனையை மறுபடி அதே வளவில் செய்யுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தி அடியில் பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன், கார் நின்ற இடத்தில் ஒரு மட்டையை விரித்து வைத்திருந்தீர்களானால் ஒரு துளி விழுந்திருந்தாலும் தெரியும். முதல் 1,000 கிலோமீற்றர் வரை ஒவ்வொரு 200 கிலோமீற்றருக்கும் டிப்ஸ்டிக் அளவைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். அளவு படிப்படியாக இறங்கினால், உத்தரவாதக் காலம் முடியும் முன்பே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பலாம்.